ஏஜி ஆபீசுக்குப் புகார் கொடுத்தால் கார் பணம் திரும்புமா?

டாலஸிலிருந்து ஒருவர் கேட்கிறார்: டீலரிடம் வாங்கிய பழைய கார் வெள்ளத்தில் மூழ்கி எழுந்ததாம், மெக்கானிக்தான் கண்டுபிடித்திருக்கிறார். டீலரோ “ஆஸ் இஸ் (இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன்) என்று கையெழுத்துப் போட்டீர்களே” என்று கைவிரிக்கிறார். டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலிடம் (ஏஜி, மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்) புகார் கொடுத்தால் பணம் கிடைக்குமா?

புகார் கொடுங்கள், செலவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஏஜி உங்கள் வக்கீல் அல்ல, மாநிலத்தின் வக்கீல். பல மாநிலங்களில் புகாரைக் கடைக்காரருக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அதற்கே பயந்து செட்டில் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் காசைக் கொடு என்று அந்தக் கடிதத்தால் கட்டாயப்படுத்த முடியாது. ஒரே டீலர்மேல் புகார் குவிந்தால்தான் கதை மாறும்: ஆவணங்களைக் கேட்டு விசாரிக்கலாம், வழக்குப் போடலாம், 1973-இல் வந்த டிடிபிஏ என்ற டெக்சாஸின் ஏமாற்று வியாபாரத் தடைச் சட்டப்படி மீறல் ஒன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் கேட்கலாம், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் ‘கோர்ட்டுக்குப் போகமாட்டேன், ஆர்பிட்ரேஷன் (தனியார் நடுவர் தீர்ப்பு)தான்’ என்று ஒரு வரி இருந்தாலும் அது உங்களைத்தான் கட்டும், ஏஜியை அல்ல. ஏஜி பதவியில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

சரி, உங்கள் பணம்? அதே டிடிபிஏவில் நீங்களே வழக்குப் போடலாம். டீலருக்கு வெள்ளச் சேதம் தெரிந்திருந்தும் விற்பதற்காக மறைத்தார் என்று காட்டிவிட்டால் ‘ஆஸ் இஸ்’ அவரைக் காப்பாற்றாது, தெரிந்தே செய்தார் என்றால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை கேட்க வழியிருக்கிறது. ஆதாரத்தை இப்போதே சேருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி டயருக்கு அடியில் வண்டல் இருக்கும். இரண்டையும் போட்டோ எடுங்கள், மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் டீலருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ், என்ன குறை, எவ்வளவு நஷ்டம் என்று தெளிவாக. வழக்குக்குக் குறைந்தது 60 நாள் முன்பே அது போய்ச் சேர வேண்டும். கேட்கும் தொகை 20,000 டாலருக்குள் என்றால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போகலாம். வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம்தான் கெடு, இழுத்தடிக்காதீர்கள். டீலர் லைசென்ஸ் டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையின் கையில் இருப்பதால் அங்கேயும் ஒரு புகார் போடுங்கள்.

ஏஜிக்கு அனுப்பும் புகார் பொதுத் தகவல் சட்டத்தில் வெளியே போகக்கூடியது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர், வங்கிக் கணக்கு எதையும் அதில் எழுதாதீர்கள்.