நாவற்பழம் தின்ற நாக்கு

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் அத்தான் லீவில் வந்தபோது இரண்டு ரெட் வைன் போத்தல் கொண்டுவந்தார். கபர்னே சொவிஞ்ஞோன் வாயை இழுத்துப் பிடித்தது. சின்ஃபண்டெல் சுள்ளென்று மூக்கில் ஏறியது. இரண்டும் பழுதா? நல்லது கெட்டதை எப்படிப் பார்ப்பது?
- வாசகர், உப்புவெளி

பதில்: முதலாவது பழுதில்லைத் தம்பி. நாவற்பழம் தின்றால் கன்னத்தின் உட்பக்கம் வறண்டு இழுக்குமே, அதே துவர்ப்புத்தான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. கபர்னே என்கிற திராட்சை சிறிய பழம், தடித்த தோல். துவர்ப்பு கூடத்தான் இருக்கும். விழுங்கிய பிறகும் பழச்சுவை கூடவே நின்றால் நல்ல வைன். வறட்சி மட்டும் மிஞ்சினால் சுமார்.

சின்ஃபண்டெல் என்கிற திராட்சையின் கதை வேறு. ஒரே குலையில் சில பழம் காயாக இருக்கும்போதே சில பழம் கொடியிலேயே வற்றத் தொடங்கிவிடும். காய் பழுக்கும்வரை காத்திருந்தால் சீனி ஏறும், அதோடு அல்கஹோலும் ஏறும். 15 வீதம் சாதாரணம். அதை நம்முடைய வெக்கையில் அப்படியே ஊற்றினால் மூக்கில் ஏறாமல் என்ன செய்யும்? ரெட் வைனை அறைச் சூட்டில் குடி என்று எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் சொல்வது 16, 18 பாகை.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் பாரில் நின்ற காலம். ஓகஸ்ட் மத்தியானம், ஷெல்ஃபில் இருந்த போத்தலைத் திறந்து ஒரு வெள்ளைக்காரருக்கு ஊற்றினேன். மணந்து பார்த்துவிட்டு, “நான் சூப் கேட்கவில்லையே” என்றார். அதே போத்தலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். மனுசன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஆகவே முதலில் பிரிட்ஜ். அப்புறம் கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சரித்து ஓரத்தைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயதானது. சுழற்றி மணந்து பாருங்கள். நனைந்த மட்டைப்பெட்டி மணம் வந்தால் தக்கை கெடுத்த வைன், அதற்கு மருந்தில்லை. தக்கை மேலே தள்ளி, காய்ச்சிய ஜாம் மாதிரி மணந்தால் வெயில் பட்டது. கட்டுநாயக்காவிலிருந்து வான் டிக்கியில் வந்த போத்தலா என்று அத்தானைக் கேளுங்கள். நல்ல கபர்னேக்கு ‘பிளாக் கரண்ட்’ மணம் என்பார்கள். நான் அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. என் கொப்பியில் நாவல், பாலைப்பழம் என்றுதான் எழுதினேன். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்தது என்றால் வனிலாவோடு தேங்காய்ப்பூ வாசமும் வரும். அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: லேபிளில் கபர்னே என்றால் முழுக்க அந்தப் பழம்தானா?
- வாசகி, மூதூர்

பதில்: இல்லை. அமெரிக்கச் சட்டப்படி 75 வீதம் போதும். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு (Napa Valley) என்று ஊர்ப்பெயர் போட்டால் 85 வீதம் பழம் அங்கே விளைந்திருக்க வேண்டும்.

கேள்வி: என்ன இருந்தாலும் கலிபோர்னியா வைன் பிரெஞ்சு வைனுக்கு ஈடாகுமா?
- வாசகர், திருகோணமலை நகர்

பதில்: 1976 மே மாதம் பாரிஸில் லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு நடுவர்களே நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கபர்னேயை முதலாவதாக வைத்தார்கள். பிரான்சின் மூட்டோன் ரோத்ஷீல்ட் 1970 இரண்டாவது. நீங்களும் இரண்டு போத்தலைப் பேப்பரால் சுற்றி, எது எதென்று சொல்லாமல் கூட்டாளிகளுக்கு ஊற்றுங்கள். விலையைக் கடைசியில் சொல்லுங்கள்.