ரோட்டுல லீக் ஆகுற கேஸுக்கு யாரு காசு கட்டுறது?

கேள்வி: பாஸ்டன் பக்கத்துல குடியிருக்கோம். தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் கேஸ் வாசனை அடிக்குது, அங்க நிக்கிற மேப்பிள் மரம் ஒரு பக்கமா காய்ஞ்சே போச்சு. கம்பெனி ஆள் வந்து மெஷினை வெச்சுப் பார்த்துட்டு, "கிரேடு 3தான், ஆபத்து இல்ல"ன்னுட்டு கிளம்பிட்டாரு. வீணாப் போற அந்த கேஸுக்கு யாரு சார் காசு குடுக்குறா?
- ஒரு வாசகி, மாசசூசெட்ஸ்

பதில்: நீங்கதாம்மா. உங்க பில்லுல சப்ளைன்னு ஒரு லைன் இருக்கும் பாருங்க, அதுல லாபம் வைக்காம வாங்கின விலைக்கே தர்றோம்னு கம்பெனி சொல்லும், அது நெஜம்தான், ஆனா ஊர் எல்லையில குழாய்க்குள்ள வந்த கேஸுக்கும் வீட்டு மீட்டர்ல எல்லாம் ஓடின கேஸுக்கும் நடுவுல துண்டு விழுதே, அந்தக் கணக்குல வராத கேஸோட விலையும் அதே லைனுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. தண்ணி லாரி வழியெல்லாம் ஒழுகிட்டு வந்து முழு லாரிக்கும் காசு கேட்டா விடுவோமா? 2013ல செனட்டர் எட் மார்க்கி ஒரு அறிக்கை விட்டாரு, 2000லேர்ந்து 2011 வரைக்கும் இப்படி கைக்கே வராத கேஸுக்கு அமெரிக்க மக்கள் கட்டினது குறைஞ்சது 2,000 கோடி டாலராம்!

கம்பெனிக்காரங்க சொல்ற சமாதானத்தையும் சொல்லிடறேன். துண்டு விழுறது எல்லாமே லீக் இல்ல, மீட்டர் தப்பு, திருட்டு, வெயில் குளிருக்கு கேஸோட கன அளவு மாறுறதுன்னு நாலும் சேர்ந்ததுதான் அது. சரி, ஒத்துக்கலாம். ஆனா அதுல லீக் எவ்வளவுன்னு அளந்து சொல்லவேண்டியதும் அவங்கதானே? என்னைக் கேட்டா வில்லங்கம் இருக்கிறது வேற எடத்துல. பழைய வார்ப்பிரும்பு குழாயைப் பிடுங்கிட்டு புதுசு போட்டா, அந்த முதலீட்டுக்கு வருஷா வருஷம் லாபத்தோட பில்லுல வசூல் பண்ணிக்கலாம். ஒழுகுற எடத்தை மட்டும் அடைச்சா அது வெறும் செலவு, லாபம் கிடையாது. ஒழுக விட்டாலோ கேஸ் காசு நம்ம தலையில. அப்புறம் எவன் அவசரமா ரிப்பேர் பண்ணுவான்?

உங்க மாசசூசெட்ஸோட 2014 சட்டத்துல கிரேடு 1னா உடனே, கிரேடு 2னா 12 மாசத்துக்குள்ள சரி பண்ணணும்னு போட்டாங்க, உங்க கிரேடு 3க்கு மட்டும் கெடுவே வைக்கல, அப்பப்போ வந்து பார்த்தா போதும்னு விட்டுட்டாங்க. கிரேடுங்கறது வெடிக்குமான்னு பார்த்துப் போடுறது, எவ்வளவு கேஸ் போகுதுன்னு பார்த்து இல்ல. பாஸ்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க அந்தப் பக்கம் 100 லீக்கை அளந்தாங்க, வெறும் 7 லீக்லேர்ந்துதான் பாதி கேஸ் போயிட்டிருந்துச்சு. 2016ல வந்த அந்த ஆய்வுக்கு அப்புறம்தான் பெரிய லீக்கை முதல்ல கவனிக்கணும்னு சட்டத்துல சேர்த்தாங்க. மரம் காய்ஞ்சதுக்கும் காரணம் இருக்கு, கேஸ் மண்ணுக்குள்ள ஏறி ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுடும், வேர் மூச்சுத் திணறிடும்.

கேள்வி: கம்பெனியே கட்டணும்னு சொன்னா, வேற பேர்ல பில்லை ஏத்திட மாட்டாங்களா?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: விட்டா ஏத்துவாங்க. அதனாலதான் பென்சில்வேனியா வழி எனக்குப் பிடிக்குது. கணக்குல வராத கேஸுக்கு ஒரு உச்சவரம்பு, முதல்ல 5 சதவீதம், படிப்படியா 3க்கு இறக்கம். அதைத் தாண்டினா கஸ்டமர்கிட்ட வாங்கக்கூடாது, பங்குதாரர் பாக்கெட்லேர்ந்துதான் போகணும். 3 சதவீதமே ஜாஸ்திதான், ஆனா கையைக் கடிச்சாத்தான் குழாயைப் பார்ப்பாங்க.

கேள்வி: கலிஃபோர்னியாவுல கம்பெனியே பணம் கட்டுச்சே?
- இன்னொரு வாசகர்

பதில்: அது ஆலிசோ கேன்யன், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல பூமிக்கடியில கேஸ் சேமிக்கிற இடம். 2015 அக்டோபர்ல ஒரு கேஸ் கிணறு உடைஞ்சு நாலு மாசம் பீய்ச்சி அடிச்சுச்சு, கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன் மீத்தேன், ஆயிரக்கணக்கான குடும்பம் வீட்டைக் காலி பண்ணிச்சு. 2021ல கம்பெனிக்காரங்க 180 கோடி டாலர் வரைக்கும் தர ஒத்துக்கிட்டாங்க. ஊரே கோர்ட்டுல வழக்கு போட்டதால நடந்தது அது, தெருமுனை லீக்குக்கு எந்த வக்கீல் வருவாரு?

பி.கு: முதல் கடிதம் எழுதின அம்மாவுக்கு, வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துச்சுன்னா கிரேடு கணக்கெல்லாம் பார்க்காதீங்க, லைட் சுவிட்சைக்கூட தொடாம எல்லாரும் வெளிய போயிட்டு அங்கேர்ந்து 911க்கு போன் பண்ணுங்க.