பிலிப்பைன்ஸ் டிவியில் பேய் ஸ்பெஷல் ஏன் நவம்பரை ஒட்டியே வருகிறது?

காரணம் 'உண்டாஸ்'. நவம்பர் 1, 2 தேதிகளில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, சாப்பாட்டோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேச அதைவிடத் தோதான நேரம் ஏது?

இந்த ஸ்பெஷல்களில் பேர்போனது ஏபிஎஸ்-சிபிஎன் சேனலின் 'மகாந்தாங் காபி, பாயான்'. 1988 முதல் 2005 வரை ஓடிய செய்தி நிகழ்ச்சி. தொகுத்தவர் நோலி டி காஸ்ட்ரோ, 2004இல் நாட்டின் துணை அதிபரே ஆனார்! செய்தி வாசிக்கிற அதே குரல் பேய்க்கதை சொன்னால் நம்பாமல் இருப்பது கஷ்டம். பார்த்ததாகச் சொல்பவரின் பேட்டி வரும், கூடவே நடிகர்களை வைத்து எடுத்த காட்சியும் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பார்க்கும்முன் சில பெயர்கள் தெரிந்திருந்தால் நல்லது. கெசோன் சிட்டியின் பலெட்டே சாலையில் நிற்கும் வெள்ளுடைப் பெண். மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் 'காப்ரே'. எனக்குப் பிடித்தது 'மனனங்கால்': இரவில் இடுப்போடு பிரிந்து மேல்பாதி மட்டும் பறக்கும், கால்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வெட்டுவாயில் உப்பைத் தூவிவிட்டால் விடியுமுன் ஒட்ட முடியாதாம்.