நெல்லுக்கு உண்டு முறிமருந்து, பருத்திக்கு?

கேள்வி: நடவு வயலுக்கு வழக்கமாக வாங்கும் பிரெட்டிலாக்குளோர் 50 ஈ.சி. களைக்கொல்லியை (ஈ.சி. என்பது நீரில் கலக்கும் குழம்புச் செறிவு; 50 என்பது சதவீதம்), இம்முறை சேற்றில் நேரடியாக விதைத்த வயலிலும் மணலில் கலந்து தூவினேன். களை அடங்கியது. ஆனால் நெல் பல இடங்களில் எழும்பவில்லை. எழும்பியதும் குட்டையாக, இலை முறுக்கி நிற்கிறது. முறிமருந்து சேர்ந்த களைக்கொல்லி உண்டு என்கிறார்கள். அதை இப்போது தெளித்தால் பயிர் தேறுமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: தேறாது. அந்தக் கலவையிலும் களைக்கொல்லி இருப்பதால், இப்போது தெளித்தால் பாதிப்பு கூடவே செய்யும். அந்தச் செலவைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

நடவு நாற்று வளர்ந்த பயிர். அதன் வேர், மருந்து தங்கும் மேல்மண்ணுக்குக் கீழே இறங்கியிருக்கும். விதைத்த முளையோ அந்த மருந்துப் படலத்திலேயே கிடக்கிறது. வளரும் செல்களுக்குத் தேவையான மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாவதை பிரெட்டிலாக்குளோர் தடுப்பதால், குருத்து நீள முடியாமல், புது இலை உறைக்குள்ளேயே சிக்கிச் சுருள்கிறது. பாதிக்கப்பட்ட நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

நேரடி விதைப்புக்கென விற்கப்படும் பிரெட்டிலாக்குளோர் 30.7 ஈ.சி. மருந்தில், நீங்கள் முறிமருந்து என்று கேள்விப்பட்ட ஃபென்குளோரிம் என்ற பாதுகாப்பான் சேர்ந்திருக்கிறது. இது களைக்கொல்லியை நேராகச் சென்று முறிப்பதில்லை. நெல்லின் வேர் வழியாக உள்ளே போய், குளூட்டாதயோன் என்னும் பொருளைக் களைக்கொல்லியோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதிகளை நெல்லே கூடுதலாக உண்டாக்கும்படி தூண்டுகிறது. குதிரைவாலி போன்ற புல்களைகளுக்கு இந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடைப்பதில்லை என்பதால்தான் களை சாகிறது, நெல் பிழைக்கிறது. களைநெல் நெல்லின் இனமே என்பதால், அதுவும் நெல்லோடு சேர்ந்து தப்பிவிடக்கூடும். களைநெல் மிகுந்த வயலில் இந்த மருந்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பாதுகாப்பானை உறிஞ்ச வேர் வேண்டும். ஆகவே நன்றாக முளைகட்டிய விதையையே விதைத்து, மூன்றாம், நான்காம் நாளில், வயலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது, ஏக்கருக்குச் சுமார் 600 மில்லி இடுவது வழக்கம். பள்ளங்களில் நீர் தேங்கினால் அங்கே முளை மூழ்கி நலியும். மருந்தைவிடச் சமன்செய்த வயல்தான் முதல் காப்பு என்றே சொல்வேன். கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், லேபிளில் சதவீதத்தையும் ‘நேரடி விதைப்பு நெல்’ என்ற குறிப்பையும் பார்த்து வாங்குங்கள்.

இப்போதைக்கு, பக்கத்து நாற்றங்காலுக்குள் போகாதவாறு நீரை வடித்துப் புதுநீர் பாய்ச்சுங்கள். புதிய இலை சீராக விரியத் தொடங்கியதும், அடர்ந்த இடங்களிலிருந்து நாற்றைக் கலைத்து இடைவெளிகளை நிரப்பலாம்.

கேள்வி: அடுத்த வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து, என் பருத்தி இலைகள் விரல்போல் குறுகிவிட்டன. இதற்கும் பாதுகாப்பான் உண்டா?
– வாசகர், திருவாரூர்

பதில்: பாதுகாப்பான் பற்றிய ஆய்வுத் துறையே 2,4-டி ஆவியில்தான் தொடங்கியது. 1947இல் அமெரிக்க ஆய்வாளர் ஓட்டோ ஹாஃப்மன், கண்ணாடிக்குடிலில் பரவிய 2,4-டி ஆவியால் மற்றச் செடிகள் முறுக்கிக்கொள்ள, 2,4,6-T என்ற வேறொரு சேர்மம் இட்ட தக்காளிச் செடிகள் மட்டும் நலமாக இருந்ததைக் கவனித்தார். ஆனாலும் பிற்காலத்தில் விற்பனைக்கு வந்த பாதுகாப்பான்கள் பெரும்பாலும் மக்காச்சோளம், சோளம், நெல், கோதுமை ஆகிய புல்லினப் பயிர்களுக்கே உதவுகின்றன. 2,4-டி காற்றில் வந்து தாக்கிய பருத்திக்குத் தெளிக்க அப்படியொன்று இல்லை.

பாதிப்பு இலேசாக இருந்தால், புதுக்கிளைகள் இயல்பான இலையோடு வருகின்றனவா என்று பொறுத்துப் பார்த்த பிறகே பயிரை அழிப்பது பற்றி முடிவெடுங்கள். எஸ்டர் வகை 2,4-டி எளிதில் ஆவியாகும் என்பதையும், சோடியம் உப்பு, அமைன் உப்பு வகைகள் அந்த அளவுக்கு ஆவியாகா என்பதையும் பக்கத்து வயல்காரரிடம் எடுத்துச் சொல்லி, காற்று உங்கள் பக்கம் வீசாத நேரத்தில் தெளிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். 2,4-டி அடித்த கைத்தெளிப்பானை, கழுவியிருந்தாலும், பருத்திக்கு இரவல் வாங்க வேண்டாம்.