துடுப்புச் சக்கரப் போர்க்கப்பல் என்றால் என்ன? 'நெமிசிஸ்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கப்பலின் இரு பக்கமும் பெரிய சக்கரம், அதில் பலகைகள். நீராவி இயந்திரம் சக்கரத்தைச் சுழற்ற, பலகைகள் தண்ணீரைப் பின்னே தள்ள, கப்பல் முன்னே போகும். அவ்வளவுதான்.

1839-ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் லேர்டு கப்பல் பட்டறை கட்டிய நெமிசிஸ் இந்த வகைதான், ஆனால் உடல் முழுக்க இரும்பு. நீளம் 184 அடி இருந்தும் சுமார் 6 அடி தண்ணீரே அதற்குப் போதும், காரணம் தட்டையான அடிப்பகுதி. நம்ம ஊர் பரிசல் ஆழமில்லாத ஆற்றிலும் மிதக்கிறதே, அதே கதை. ஆழ்கடலுக்கு வந்ததும், தட்டையான கப்பல் பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க, ஏற்றி இறக்கக்கூடிய இரண்டு அடிப்பலகைகளை இறக்கிக்கொள்வார்கள். எனக்கு இந்தக் கப்பலில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

1840-ல் சீனாவுக்குப் போகும் வழியில், ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும்போது புயலில் இரும்புத் தகடு பிளந்து, கப்பல் இரண்டாக உடையும் நிலைக்குப் போய்விட்டது. இன்றைய மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடாவில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்து, இலங்கையின் காலி வழியாக நவம்பரில் சீனக் கரையிலுள்ள மக்காவ் சேர்ந்தார் கப்பலின் கேப்டன் ஹால். அப்புறம் பிரிட்டனும் சீனாவும் மோதிய முதல் அபினிப் போரில், பெரிய பாய்க்கப்பல்கள் நுழைய முடியாத கான்டன் ஆற்றுக் கிளைகளில் காற்று எதிர்த்தாலும் புகுந்து கோட்டைகளைத் தாக்கியது, காற்றில்லாமல் நின்ற கப்பல்களையும் இழுத்துப் போனது. சீனப் படகுகளிடம் இதற்கு மாற்றே இல்லை. அதனால் அங்கே விழுந்த அழிவும் கொடுமையானது. 1849-ல் போர்னியோ கடற்கொள்ளையருக்கு எதிராகவும் இறக்கினார்கள்.

பலர் இதை பிரிட்டிஷ் அரச கடற்படைக் கப்பல் என்று எழுதுகிறார்கள். இல்லை, இது கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தக் கப்பல்.