தூரிகையா, கேமராவா?

கேள்வி: வயது 23. பினாங்கில் கல்யாணப் படம் எடுக்கும் கடையில் வேலை. இரவில் ஓவியம் வரைவேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஒன்றை விடு" என்கிறார் அப்பா. தைப்பூசத்தன்று ஜூம் லென்ஸும் ஃபிளாஷுமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். கேமராவைத் தூக்கியதுமே காவடிக்காரர்கள் முகம் மாறுகிறது. நான் எதை விடுவது?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: எதையும் விடாதீர்கள் தம்பி. ஃபிளாஷை மட்டும் விடுங்கள்.

பிரான்சின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன் (1908–2004) முதலில் கற்றது ஓவியம்தான். பாரிசில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றார். லைக்கா கேமரா கைக்கு வந்தது அதற்குப் பிறகு. எடுத்த படத்தைப் பின்னால் வெட்டித் திருத்த அவருக்குப் பிடிக்காது. படச்சட்டத்துக்குள் என்ன வரவேண்டும் என்பதை, வரைந்து பழகிய கண் முன்பே முடிவு செய்துவிடும். உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மூன்றாம் முயற்சியில் தப்பியதும், 1947இல் நண்பர்களோடு மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியதும் தனிக்கதை. அறுபதைத் தாண்டியபின் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பென்சிலுக்கே திரும்பினார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கடைச் சம்பளத்தையும் விடமாட்டேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அவர் கவலை அதுதான்.

இனி அந்த முகங்கள். பிரெஸ்ஸோன் கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். ஃபிளாஷ் போடமாட்டார். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ், தூரத்திலிருந்து முகத்தை இழுக்க முடியாது, பக்கத்தில் போய்த்தான் ஆகவேண்டும். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். 14ஆம் தேதி இரவு 8.47க்கு, மகரிஷி மறைந்த வேளையில், வானில் ஓர் ஒளி நகர்ந்ததைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். ஆசிரமத்துக்கு அவர் அன்று காலையில் வந்து இறங்கியவர் அல்லர். ஏறக்குறைய இரண்டு வாரமாக அங்கேயே இருந்தவர். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

நீங்கள் ஒரே நாள் போயிருக்கிறீர்கள், அதுவும் அலகு குத்தும் நேரத்தில். நேர்த்திக்கடன் வைத்த குடும்பம் பல நாள் விரதமிருந்து, அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் நேரம் அது. அடுத்த முறை விரதம் தொடங்கும்போதே, தெரிந்த ஒரு குடும்பத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள். காவடி கட்டுவதை முதலில் வரையுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், பாட்டி சாப்பிடச் சொல்வார். கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

நல்ல படம் ஒன்றைக் கழுவி அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.