டியேகோ கார்சியாவும் ஒரு அடிக்குறிப்பும்

அன்புள்ள அக்கா,

எங்கள் பள்ளியில் அணு ஆயுத ஒழிப்பு பற்றித் தமிழில் பேச்சுப்போட்டி வைக்கிறோம். அணு ஆயுத எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் மிச்சமிருந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தமும் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. பெரிய நாடுகள் முடிவெடுக்கின்றன, நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "மொரிஷியஸுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளுக்குப் புரியும்படி எளிமையான புத்தகம் ஏதாவது சொல்வீர்களா?

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து ஒரு தமிழாசிரியை

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். நியூ ஸ்டார்ட் பற்றியும் நான் பேசப்போவதில்லை, யாரிடம் எத்தனை குண்டு என்ற கணக்கு எந்தப் பத்திரிகையிலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பையனுக்குச் சொல்லப் பதில் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 2025 மே 22-ஆம் தேதி, சாகோஸ் தீவுகளை பிரிட்டன் நமக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டில் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு இது எப்படித் தெரியாமல் போகும்?

கேள். 1965 நவம்பரில், நமக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, பிரிட்டன் சாகோஸை நம்மிடமிருந்து வெட்டி எடுத்தது. நமக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்ட். அடுத்த ஆண்டுக் கடைசியில், சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் போட அமெரிக்காவோடு ஒப்பந்தம். அமெரிக்கா அதற்குப் பணமாகக் கொடுக்கவில்லை. அணு நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக பிரிட்டன் அப்போது பொலாரிஸ் ஏவுகணை வாங்கிக்கொண்டிருந்தது, அந்த பில்லில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி செய்தார்கள். அதையும் இரண்டு நாட்டு மக்களுக்கும் தெரியாமல் மறைத்தார்கள். அணு ஏவுகணை விலையில் கிடைத்த தள்ளுபடிக்கு நம் தீவுகள் போயின. அந்தப் பையனிடம் இதைச் சொல், அவன் கேட்ட சம்பந்தம் இதுதான்.

1968-லிருந்து 1973-க்குள் அங்கிருந்த சனங்களை முழுக்க வெளியேற்றினார்கள், ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர். அப்படி வந்த ஒரு அம்மா போர்ட் லூயிஸில் எங்கள் தெருவில் துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் அம்மாவும் அவரும் கிரியோலில்தான் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அவர் சொன்ன கதைகளில் தீவைவிட அவருடைய நாய்தான் அதிகம் வரும், கடலுக்குள் இறங்கி மீன் பிடிக்கிற நாயாம். டியேகோ கார்சியாவில் ஆட்களை ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள். இது ஆவணங்களில் இருக்கிறது. நான் பெரியவளாகிப் படித்தபோதுதான் அவர் ஏன் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார் என்று புரிந்தது.

குண்டு வெடித்தால்தான் அழிவு என்று நினைக்கிறோம். அதைச் சுமக்கிற கப்பலும் விமானமும் வந்து நிற்க ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது குடியிருப்பார்கள். 2025-ல் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் வந்து நின்றது அந்த அம்மாவின் ஊரில்தான். இடம் பெரும்பாலும் சின்ன நாட்டுடையதாகத்தான் இருக்கிறது. அதனால்தான் "கையெழுத்து மட்டும் போடுகிறோம்" என்று நீ எழுதியதை என்னால் தாங்க முடியவில்லை. இடம் தரமாட்டேன் என்று போடுகிற கையெழுத்து சின்ன விஷயமா?

பெலிண்டாபா ஒப்பந்தத்தை எடுத்துப் பார். ஆப்பிரிக்கா முழுவதையும் அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் ஒப்பந்தம், 1996 ஏப்ரல் 11 அன்று கெய்ரோவில் கையெழுத்துக்கு வந்தது, 2009 ஜூலையில் அமலுக்கு வந்தது. குண்டு செய்து தானாகவே அதைப் பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்காவின் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிற இடத்தின் பெயர்தான் அதற்கு. நாமும் சேர்ந்திருக்கிறோம். அதன் வரைபடத்தில் சாகோஸ் இருக்கிறது, டியேகோ கார்சியாவும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு: இறையாண்மைக் கேள்விக்குப் பாதகமின்றி இங்கே காட்டப்பட்டுள்ளது என்று. பிரிட்டன் அதைப் பிடித்துக்கொண்டு, என் சம்மதமில்லாமல் அந்தத் தீவுகளைச் சேர்த்ததை ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கா, அணு ஆயுத நாடுகளுக்காக அந்த ஒப்பந்தத்தோடு இணைத்த நெறிமுறைகளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிப்படுத்தவே இல்லை.

இப்போது அந்த இறையாண்மையே நம்மிடம் திரும்பவேண்டும் என்று ஒப்பந்தமாகியிருக்கிறது. நடைமுறைக்கு வருவதற்குள் எத்தனை இழுபறி என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். டியேகோ கார்சியாவை மட்டும் 99 வருடம் அவர்களே வைத்துக்கொள்வார்கள். சரி, அதற்குள் என்ன நிற்கும்? வாடகை எவ்வளவு என்றே நம் ஊரில் பேசுகிறார்கள், பெலிண்டாபா அங்கே செல்லுமா என்று ஏன் கேட்கவில்லை? பெலிண்டாபாவில் சேர்ந்த நாடு தன் மண்ணில் அணு ஆயுதத்தை நிறுத்திவைக்க விடக்கூடாது. வந்து போகிற கப்பலையும் விமானத்தையும் அனுமதிப்பது மட்டும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் எல்லாம் நுழையும். அடிக்குறிப்பை எடுக்கச் சொல்லி நாம்தான் கேட்கவேண்டும், வேறு எந்த நாடும் நமக்காகக் கேட்காது.

கேட்டால் நடக்குமா என்பாய். 2019-ல் சாகோஸ் விஷயத்தில் ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றம் நம் பக்கம் பேசியது, ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் நமக்கு ஆதரவாக வாக்களித்தன, எதிராக 6 மட்டும். அதற்குப் பல வருடம் முன்பே சாகோஸ் பெண்கள் போர்ட் லூயிஸ் தெருவில் உண்ணாவிரதம் இருந்து அடிபட்டார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ அதைச் சொல்லிக் கொடுக்கிற வேலையிலும் இருக்கிறாய்.

அந்தப் பையனைப் போட்டியில் சேர்த்துவிடு. நல்ல கேள்வி கேட்கிறவன். தலைப்பை "உலக அமைதி" என்று வைத்துத் தொலைக்காதே, "டியேகோ கார்சியாவில் என்ன நிற்கலாம்?" என்று வை. பெலிண்டாபா வரைபடத்தின் நகல் அனுப்புகிறேன், பெரிதாக எடுத்து வகுப்பில் ஒட்டு. போட்டி என்றைக்கு என்று எழுது, முடிந்தால் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா